எழுத்து தெரிந்தும் சொல்லைப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் என்ன கருவி செய்யலாம்?

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துகள் தெரிகின்றன, சொல்லாகக் காட்டினால் முழிக்கிறார்கள், கையால் செய்யக்கூடிய எளிய கருவி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள் என்பதால் எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன்.

கருவி அழகாக இருக்க வேண்டியதில்லை. யாராவது பார்வையிட வரும் நாளுக்காகத் தெர்மாகோலில் செய்து, மறுநாளே பீரோ மேல் ஏற்றிவைக்கும் சங்கதிகளை விட்டுவிடுங்கள். பிள்ளையின் கண் எழுத்தின் மேல் விழுகிறதா, அதுதான் பார்க்க வேண்டியது.

மின்னட்டையில், அதாவது சொல்லை எழுதிப் பிள்ளைகளுக்குக் காட்டும் சிறு அட்டையில் (flash card), பூனையை வரைந்து, அடியில் ‘பூனை’ என்று எழுதினால் பிள்ளை படத்தைத்தான் படிக்கும். படத்தைக் கையால் மறைத்துக் கேட்டுப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே சொல் முன்பக்கம், படம் பின்பக்கம். வாசித்துவிட்டுத் தானே திருப்பிச் சரிபார்த்துக்கொள்ளட்டும். எல்லாச் சொல்லையும் ஒரே கறுப்பு மையில் எழுதுங்கள். நிறம் மாறினால் நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். மூலை மடங்கிய அட்டை வந்தாலே எழுத்தைப் பார்க்காமல் ‘மரம்’ என்று கத்தும் கெட்டிக்காரர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு! அழுக்கான அட்டையை உடனே மாற்றிவிடுவது நல்லது.

என் வகுப்பில் அதிகம் உழைப்பது இழுவை அட்டை. பழைய காலண்டர் அட்டை ஒன்றில் வலப்பக்கம் ‘டம்’ என்று பெரிதாக எழுதுங்கள். அதற்கு இடப்பக்கம், ஓர் எழுத்தின் உயர இடைவெளியில், மேலும் கீழுமாக இரண்டு கீறல்கள். ஒரு நீளத் தாள் பட்டையைப் பின்னாலிருந்து ஒரு கீறல் வழியாக முன்னே எடுத்து, மறு கீறலில் பின்னே விடுங்கள். பட்டையில் ப, இ, த, கு, கூ, பா, மா. இழுக்க இழுக்கப் படம், இடம், தடம், குடம், கூடம், பாடம், மாடம். பட்டையின் இரு நுனியையும் மடித்து ஒட்டாவிட்டால் இரண்டாவது இழுப்பிலேயே கையோடு வந்துவிடும். நாலைந்து சொல் போவதற்குள் ‘டம்’ ஒரே மூச்சில் வந்துவிடும், எழுத்துக் கூட்டுவதில்லை.

குறில் நெடிலுக்கு அட்டைகூட வேண்டாம். துண்டுத் தாளில் ‘கால்’ என்று கொஞ்சம் அகலமாக எழுதி, துணைக்கால் உள்ளே மறையும்படி மடியுங்கள். மடித்தால் கல், விரித்தால் கால். பல், பால், மலை, மாலை, வரம், வாரம் எல்லாம் இப்படியே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம் இருந்தது. இப்போது எல்லா மெய்க்கும் ஒரே துணைக்கால் என்பதால் மடிப்பு எங்கேயும் செல்லும். உகர வரிசையில் இந்த வித்தை பலிக்காது. கு, சு, டு, து நான்கும் நான்கு மாதிரி. அவற்றுக்குத் தனித்தனி அட்டைதான். விடு, வீடு போன்றவற்றுக்கும் அப்படியே.

கதவிலும் மேசையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுவது எல்லோரும் செய்வதுதான். சில நாளில் அது சுவரோடு சுவராகிவிடும், யாரும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் வருமுன் சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டிவிடுங்கள். மேசையில் ‘கதவு’ என்று இருப்பதைக் கண்டுபிடித்து அவர்கள் போடும் கூச்சலில் வாசிப்பு தானாக நடக்கும்.

பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டால் ஓரத்து வரிசைக்கு ஒன்றுமே தெரியாது.

இன்னொன்று. அட்டையில் ‘மரம்’ என்று தடையில்லாமல் படிக்கும் பிள்ளை, பாடத்தில் ‘மரத்தில்’ என்று வந்ததும் நின்றுவிடும். நாம் பழக்கிய ‘ம்’ அங்கே இல்லையே! இதற்கு இழுவை அட்டையைத் திருப்பிப்போட்ட மாதிரி ஒன்று செய்யுங்கள்: இடப்பக்கம் ‘மர’ நிலையாக இருக்கட்டும், வலப்பக்கத்துப் பட்டையில் ம், த்தை, த்தில், த்தின், த்துக்கு. இடப்பக்க ‘மர’வின் மேல் பட, குட, பாட என்று சிறு சீட்டுகளைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டால் அதே பட்டை அத்தனைக்கும் போதும்.