செலினியமும் நம் வெள்ளணுக்களும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

செலினியம் என்ற நுண்தாது, ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட், நோய் எதிர்ப்பு சக்தி பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நர்சிங் மாணவி: மேடம், கிருமியைக் கொல்ல வெள்ளணுவுக்கு ஃப்ரீ ராடிக்கல் என்ற, எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள் தேவை என்று படித்தோம். அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் அதைக் கெடுத்துவிடாதா?

கேட்க வேண்டிய கேள்விதான்ம்மா. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு பாக்டீரியாவை விழுங்கியதும், அந்த வெள்ளணுவின் சவ்விலுள்ள என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் என்ற நொதி ஆக்சிஜனை சூப்பர்ஆக்சைடாக மாற்றுகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடாகி, பிறகு ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். பிறவியிலேயே இந்த ஆக்சிடேஸ் வேலை செய்யாத குழந்தைகளுக்குச் சீழ்க்கட்டியும் பூஞ்சைத் தொற்றும் திரும்பத் திரும்ப வரும். ஆகவே இப்படி ஆக்சிஜனேற்றும் பொருள்கள், அதாவது ஆக்சிடன்ட், இல்லாமல் முடியாது.

ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடு விழுங்கிய பைக்குள்ளேயே நிற்காது. செல்லின் உள்ளேயும் கசியும். அதைத் தண்ணீராக மாற்றும் நொதிகளில் முக்கியமானது குளூட்டதயோன் பெராக்சிடேஸ். அதன் வினை நடக்கும் இடத்திலேயே செலினியம் உட்கார்ந்திருக்கிறது. 1973-ல் இது தெரிய வந்தது. செலினியம் குறைந்த தீவனம் தின்ற மாடுகளின் நியூட்ரோஃபில்களைச் சோதித்தபோது, அவை காண்டிடா பூஞ்சையை வழக்கம்போல விழுங்கின, ஆனால் கொல்ல முடியாமல் திணறின. ஆயுதம் குறைந்ததால் இப்படி ஆகவில்லை; ஆயுதம் ஏந்திய செல்லுக்கே காப்பு இல்லாமல் போனதால் ஆனது. 'ஆக்சிடன்ட் கெட்டது, ஆன்டிஆக்சிடன்ட் நல்லது' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

டி செல்களுக்கும் இதே கதைதானா?

கொஞ்சம் வேறு. டி செல் என்பது குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் இன்னொரு வகை வெள்ளணு. அது தூண்டப்படுவதற்கே சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு சமிக்ஞையாக வேண்டும். தூண்டப்பட்டதும் அது வேகமாகப் பெருகும். அப்போது சவ்விலுள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் சிதையாமல் காப்பது ஜிபிஎக்ஸ்4 என்ற இன்னொரு செலினியப் புரதம். டி செல்களில் அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளைப் பற்றி 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த டி செல்கள் பெருகவேண்டிய நேரத்தில் ஃபெரோப்டோசிஸ் என்ற முறையில், அதாவது சவ்வுக் கொழுப்பு சிதைந்து, செத்தன. வைரஸையும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியையும் அந்த எலிகளால் அடக்க முடியவில்லை. உணவில் நிறைய வைட்டமின் இ கொடுத்ததும் செல்கள் பிழைத்தன.

செலினியம் குறைந்தால் வைரஸே மாறிவிடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. இதை விரிவாகவே சொல்கிறேன். வடகிழக்குச் சீனாவில் கேஷான் என்ற மாவட்டம் இருக்கிறது. 1935-ல் அங்கே இதயத் தசையைத் தாக்கும் ஒரு நோய் பரவியது. சிறு குழந்தைகளும், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களும்தான் அதிகம் இறந்தார்கள். அந்த மண்ணில் செலினியம் மிகக் குறைவு. அதே நோய் இருந்த பகுதிகளில் 1970-களில் குழந்தைகளுக்கு சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது.

சரி, குறைபாடுதான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியவில்லை. நோய் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கியது. வெறும் சத்துக்குறைவு அப்படி ஆடாது. நோயாளிகளிடம் இதயத்தைத் தாக்கக்கூடிய காக்ஸாக்கி என்ற வைரஸ் கிடைத்தது.

அமெரிக்காவில் மெலிண்டா பெக், ஆர்வில் லெவாண்டர் என்ற ஆய்வாளர்கள் இதை எலிகளில் சோதித்தார்கள். இதயத்தைச் சேதப்படுத்தாத ஒரு சாதுவான காக்ஸாக்கி பி3 வகையை, செலினியம் குறைந்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். இதயம் பாதித்தது. அந்த எலிகளிடமிருந்து எடுத்த வைரஸை நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் இதயமும் பாதித்தது! 1995-ல் வெளியான முடிவுப்படி, வைரஸின் மரபணுத் தொடரில் 6 இடங்கள் மாறியிருந்தன. செலினியம் தாராளமாகக் கொடுத்தும் குளூட்டதயோன் பெராக்சிடேஸ்-1 மரபணு மட்டும் நீக்கப்பட்ட எலிகளிலும் இதேபோல் நடந்தது. ஓர் ஊரின் சத்துக்குறைவு அந்த ஊரோடு நிற்காது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. மாணவர்களுக்கு இதை நடத்தும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மனிதர்களிடம் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், சிறிய அளவில். இரத்தத்தில் செலினியம் குறைவாக இருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு நாளுக்கு 50 அல்லது 100 மைக்ரோகிராம் 15 வாரம் கொடுத்து, இடையில் போலியோ சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். 2004-ல் வந்த முடிவு: டி செல்களின் எதிர்வினை கூடியது, சொட்டு மருந்து வைரஸ் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறியது, மலத்தில் கிடைத்த வைரஸில் மாற்றங்களும் குறைவு. ஆனால் ஆன்டிபாடி அளவு கூடவில்லை.

ஓய்வுபெற்ற ஒருவர்: அம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கிறது. எதிர்ப்பு சக்திக்கு என்று 200 மைக்ரோகிராம் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். போடலாமா?

ஐயா, உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். குறைவாக இருப்பவருக்குத்தான் பலன். போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொட்டுவதால் வெள்ளணுக்கள் கூடுதல் வீரம் காட்டாது. அமெரிக்காவில் 1996-ல் வெளியான ஒரு புற்றுநோய்த் தடுப்பு ஆய்வில் இதே 200 மைக்ரோகிராம்தான் கொடுத்தார்கள். பின்னர் அந்தத் தரவுகளை அலசியபோது, செலினியம் எடுத்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அதிகமாக வந்திருந்தது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் கலந்துகொண்ட செலக்ட் என்ற இன்னொரு ஆய்வு, செலினியம் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்ததும் 2008-ல் நிறுத்தப்பட்டது.

பெரியவர்களுக்கு நாளுக்குத் தேவை 55 மைக்ரோகிராம் அளவுதான். 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உச்ச வரம்பை 255 மைக்ரோகிராமாகக் குறைத்தது. உணவில் வருவதும் இந்தக் கணக்கில் சேரும். அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும்.

சாப்பாட்டில் எதில் இருக்கிறது?

மீன், முட்டை, கோழி, ஈரல். தானியத்திலும் பருப்பிலும் எவ்வளவு இருக்கும் என்பதை விளைந்த மண்தான் தீர்மானிக்கும். பஞ்சாபில் சில பகுதிகளில் மண்ணில் செலினியம் மிகுந்து, தீவனம் தின்ற மாடுகளுக்கே குளம்பு பாதித்திருக்கிறது. பின்லாந்தில் மண்ணில் குறைவு என்பதால் 1980-களின் நடுவிலிருந்து உரத்திலேயே கலக்கிறார்கள். பிரேசில் நட் வாங்குகிறவர்கள் மட்டும் கவனியுங்கள்: ஒரே கொட்டையில் ஒரு நாள் தேவை முழுவதும் இருக்கலாம், அதனால் பாதாம் மாதிரி கைநிறைய அள்ளிச் சாப்பிட வேண்டாம்.