கானமயிலுக்கும் சூரிய மின்சாரத்துக்கும் சட்டத்தில் என்ன மோதல்?

பருவநிலையைக் காக்கும் மின்திட்டமே அருகிவரும் பறவையைக் கொன்றால், எந்தக் கடமை முதலில் என்பதுதான் மோதல். ராஜஸ்தான், குஜராத்தில் வாழும் பெரிய பறவையான கானமயிலுக்கு (Great Indian Bustard) நேர் எதிரே பார்வை குறைவு; உடலும் கனம். பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்துச் சுமை லாரி ஓட்டுவதுபோல, சூரிய மின்நிலையங்களிலிருந்து மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பி கண்ணில் பட்டபின் விலக நேரமிருக்காது. அடிபட்டால் பெரும்பாலும் சாவுதான்.

2021இல் உச்ச நீதிமன்றம் சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் மேல்நிலைக் கம்பிகளுக்குப் பொதுத்தடை விதித்தது. உயர் அழுத்தக் கம்பிகளை எல்லா இடத்திலும் மண்ணில் புதைக்க முடியாது என்பதால் 2024 மார்ச்சில் அதைத் திருத்தி, எங்கே புதைப்பது என ஆராய நிபுணர் குழு அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்புக்கு எதிரான உரிமையையும் அரசியலமைப்பின் 14 (சமத்துவம்), 21 (உயிர் வாழும் உரிமை) ஆம் பிரிவுகளில் கண்டது. முக்கியமான திருப்பம் இது.

இத்தீர்ப்பால் பறவையின் பாதுகாப்பு போய்விட்டது என்பது தவறு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் அது அப்படியே இருக்கிறது.