மாஸ்டர் பதில்கள்: துக்க வீட்டிலிருந்து ரிங்குக்குப் போகலாமா?

கேள்வி: மாஸ்டர், எனக்கு 22 வயது. பாக்ஸிங்கில் பெண்கள் எலைட் (பெரியவர்கள்) பிரிவு, 54 கிலோ எடை. காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்த்த அப்பா போன வாரம் மாரடைப்பில் இறந்துவிட்டார். தேசியப் போட்டிக்கான மாநிலத் தேர்வு, பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாளே தொடங்குகிறது. “அப்பன் செத்த ஈரம் காயல, அதுக்குள்ள சண்டை போடப் போறியா?” என்கிறார் சித்தப்பா. “அப்பாவுக்காகவாவது ஜெயிச்சுட்டு வா” என்கிறார் கோச். அம்மா வாயே திறப்பதில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா கடலுக்குப் போகமாட்டார். அந்த இரண்டு மாதமும் கிளவுஸ் போடுமுன் என் கைக்குப் பேண்டேஜ் துணி சுற்றிவிடுவது அவர்தான். இப்போது அந்தத் துணியை எடுத்தாலே கை நடுங்குகிறது. நான் போகட்டுமா, வேண்டாமா?
– பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: கண்ணு, சித்தப்பாவும் கோச்சும் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரியும். ஆனால் இருவரும் ஒரே பாரத்தைத்தான் உன் தலையில் ஏற்றுகிறார்கள். போனால் உனக்குப் பாசம் இல்லை என்கிறார் ஒருவர். ஜெயித்தால்தான் பாசம் என்கிறார் இன்னொருவர். மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். அதற்குள் ஐந்து நடுவர்கள் போடும் மார்க்குக்கும் உன் அப்பாவுக்கும் சம்பந்தமே இல்லை. “அப்பாவுக்காக” என்று ஏறிய பெண் தோற்றுவிட்டால், அப்பாவையே தோற்கவிட்டதாக நினைத்து வருஷக்கணக்கில் அழுவாள். அந்தப் பேச்சை உன் காதுக்குள் விடாதே. கோச்சிடமும் மரியாதையாகச் சொல்லிவிடு.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பாய். 2019 ஜூனில் ஹிரோஷிமாவில் நம் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, மிசோரத்தைச் சேர்ந்த லால்ரெம்சியாமியின் தந்தை இறந்த செய்தி வந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்போது 19 வயது. ஊருக்குப் போகாமல் இருந்து ஆடினாள். இறுதிப் போட்டியில் ஜப்பானை 3-1 என்று வென்ற பிறகுதான் வீட்டுக்குப் போனாள். 1999 உலகக் கோப்பையின்போது டெண்டுல்கர் வேறு மாதிரி செய்தார். இங்கிலாந்திலிருந்து மும்பைக்கு வந்து அப்பாவுக்கு இறுதிச் சடங்கு செய்தார். ஜிம்பாப்வே ஆட்டத்தில் அவர் இல்லை, இந்தியா 3 ரன்னில் தோற்றது. திரும்பிப் போய் பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 அடித்தார். ஒருவர் இருந்தார், ஒருவர் வந்து போனார். யாருடைய பாசத்தை யார் குறை சொல்ல முடியும்?

இந்த மாதிரிக் கதைகளில் ஜெயித்தவர்களை மட்டும்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் டேன் ஜான்சனையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஐஸ் மேல் ஓடும் வேகச் சறுக்கு வீரர். 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் ஓட்டத்தன்று காலையில் அவருடைய அக்கா ஜேன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அன்றைக்கே ஓடினார், முதல் வளைவில் விழுந்தார். சில நாள் கழித்து 1000 மீட்டரிலும் விழுந்தார். 1994 லில்லெஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் அதே 1000 மீட்டரில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். மகளுக்கும் ஜேன் என்றுதான் பெயர். விழுந்த அன்று அவர் அக்காவை ஏமாற்றிவிட்டார் என்று சொல்வாயா?

ஆனால் ஹாக்கியும் கிரிக்கெட்டும் வேறு, நம் ஆட்டம் வேறு. இங்கே கவனம் ஒரு நொடி தப்பினால் அடி தலையில் விழும். அதனால் உன் மனசை விட உன் உடம்பைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

துக்கத்தில் இருக்கும் பாக்ஸருக்கு எடை தானாகவே இறங்கும். சோறு இறங்காது, தண்ணீர் குடிக்கத் தோன்றாது. தராசில் ஏறினால் 54-க்குள் நிற்கும், “ரெடி” என்று கோச் சொல்லிவிடுவார். அந்தத் தராசை நம்பாதே. போனது கொழுப்பு இல்லை, தண்ணீரும் தெம்பும். தூக்கம் கெட்டால் கண் பார்த்ததைக் கை செய்வதற்கு நேரமாகும். வருகிற பஞ்ச் தெரியும், ஆனால் தலை நகராது.

எங்கள் கூடத்தில் ஒரு பையன், அம்மா இறந்து பத்து நாள்கூட ஆகாமல் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தே தீருவேன் என்று நின்றான். முதல் ரவுண்டு பிரமாதம். இரண்டாவதில் ஒரு ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து) அடித்துவிட்டு, பின்னால் எடுக்க வேண்டிய காலை எடுக்காமல் அப்படியே நின்றான். கை இரண்டும் நெஞ்சு வரைக்கும் இறங்கிவிட்டது. எதிரே இருந்தவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் கண்ணில் ஆள் இல்லை. நல்ல வேளை, எதிரே நின்றவன் அடிக்காமல் நிறுத்திக்கொண்டான். எங்கள் பையன் மவுத் கார்டைக்கூடக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்து தேம்பினான். அந்தத் தேர்வுக்கு அவனை நான் அனுப்பவில்லை. அடுத்த வருஷம் போனான், மாநில அணிக்கு ஆடினான்.

அதனால் நீ ஒன்று செய். கோச்சிடம் நேராகச் சொல்லி, உனக்குப் பழக்கமான பெண்ணோடு மூன்று ரவுண்டு லேசாக ஸ்பாரிங் செய்து பார். ஜெயிப்பது, தோற்பது முக்கியமில்லை. மூன்றாவது ரவுண்டிலும் முகத்தைக் காக்கிற கை (கார்டு) மேலேயே இருக்கிறதா, அடித்த பிறகு கால் நகர்கிறதா, கோச் மூலையிலிருந்து சொல்வது காதில் விழுகிறதா? இதை மட்டும் பார். இருக்கிறது என்றால் போ. இல்லை என்றால் ஊரே தள்ளினாலும் ரிங் ஏறாதே. போட்டி டாக்டரிடம் நடந்ததைச் சொல், மறைக்காதே. தூக்கம் வரவில்லை என்று பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்காதே. எதுவானாலும் டாக்டரைக் கேட்டு, ஊக்கமருந்துத் தடைப் பட்டியலையும் பார்த்த பிறகுதான். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416. எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

காரியம் எப்படியும் முந்தின நாளே முடிந்துவிடுகிறது. அதில் முழுசாக இரு, அழு. சித்தப்பாவிடம் சண்டை வேண்டாம். அண்ணனைப் பறிகொடுத்தவர், அவருக்கும் யாரையாவது திட்ட வேண்டும் போல இருக்கும். நீ பேச வேண்டியது அம்மாவிடம்தான். “போகட்டுமா?” என்று கேட்காதே, அனுமதி கொடுக்கிற பாரம் அவருக்கு எதற்கு? “நான் போனால் அந்த ரெண்டு மூணு நாள் உன்கூட யார் இருப்பாங்க?” என்று கேள். அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ இருக்க ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பு.

பேண்டேஜ் விஷயம். அப்பா சுற்றிய துணியைத் துவைத்து வீட்டில் எடுத்து வை. போட்டிக்குப் புதுசு வாங்கிக்கொள். அதை நீயே சுற்று. கட்டைவிரலில் தொடங்கி மணிக்கட்டுக்கு வந்து, முஷ்டிக்கு மேலே, விரல் இடுக்குகளில். தினமும் வீட்டிலேயே நிதானமாகச் சுற்றிப் பார். நடுங்கினால் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்று. கை பழகிவிடும். எலைட் பிரிவில் 40 வயது வரை ஆடலாம். உனக்கு 22. இந்தத் தேர்வு போனாலும் உனக்கு நிறைய வருஷம் இருக்கிறது.

கேள்வி: என் மகன் கால்பந்து வீரன், வெளிமாநிலத்தில் பயிற்சி முகாமில் இருக்கிறான். அவனை வளர்த்த என் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார். ஏதாவது ஆகிவிட்டால், போட்டி முடியும்வரை அவனுக்குச் சொல்லாமல் இருக்கலாமா?
– ஒரு தந்தை, வியாசர்பாடி

பதில்: வேண்டாம் சார். சீனாவின் டைவிங் வீராங்கனை வூ மின்சியாவின் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். தாத்தா பாட்டி இறந்ததையும், அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததையும் மறைத்து, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வாங்கிய பிறகே சொன்னார்கள். தங்கம் வந்தது, சரி. தாத்தா பாட்டிக்காக அழ வேண்டிய நாட்கள் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவே இல்லையே. 2020-இல் முகமது சிராஜின் அப்பா, ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டியவர், இறந்தபோது சிராஜ் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள், ஊருக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். இருக்கிறேன் என்று முடிவெடுத்தது அவர். தெரிந்ததால்தானே முடிவெடுக்க முடிந்தது.

உங்கள் பையனிடம் பாட்டியின் நிலைமையை இன்றைக்கே சொல்லுங்கள். முடிந்தால் வீடியோ காலில் பேச வையுங்கள். அணி மேனேஜருக்கும் தகவல் சொல்லி, கெட்ட செய்தி வந்தால் அவன் தனியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வருவதா இருப்பதா என்று அவனே சொல்லட்டும். வருகிறேன் என்றால் அவசர டிக்கெட்டுக்குப் பணம் இப்போதே அவன் கையில் இருக்கட்டும்.