ஹான்ஸ் ஹாஃப்மனும் வகுப்பறையும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஓவியர் லீ க்ராஸ்னர் பற்றிய உங்கள் கட்டுரையில் அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஹாஃப்மனைக் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியர். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் தூரிகையைத் தொட மனம் வருவதில்லை. கற்பித்தல் ஹாஃப்மனுக்குள் இருந்த ஓவியரையும் தின்றுவிட்டதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு காலம் வரை, ஆமாம். 1880-ல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த ஹாஃப்மன், 1904 முதல் பத்து வருடம் பாரிஸில் ஒரு பெர்லின் புரவலரின் உதவியில் வரைந்துகொண்டிருந்தார். மாத்தீஸ், பிக்காசோ எல்லாம் புழங்கிய வட்டம். 1914-ல் ஜெர்மனிக்கு வந்திருந்தபோது போர் மூண்டது. பாரிஸ் திரும்ப முடியவில்லை. பிழைப்புக்காக 1915-ல் ம்யூனிக்கில் பள்ளி தொடங்கினார். அடுத்த இருபது வருடங்களில் பெரும்பாலும் கோட்டோவியங்கள்தான். வண்ணம் அபூர்வம்.

1930-ல் அமெரிக்காவின் பர்க்லி பல்கலைக்கழகத்தில் கோடை வகுப்பெடுக்க அழைப்பு வந்தது. 1932-ல் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். அப்புறம் நியூயார்க்கில் சொந்தப் பள்ளி, கோடையில் ப்ராவின்ஸ்டவுன் என்ற கடலோர ஊரில் இன்னொன்று. மறுபடி வண்ணத்துக்கு முழுமூச்சாகத் திரும்பியதும் அந்த வருடங்களில்தான்.

வகுப்பில் மாணவரின் படத்தைக் கிழித்து, துண்டுகளை நகர்த்தி வைத்துக் காட்டுவார். க்ராஸ்னருக்கும் இது நடந்தது. அந்த முறையை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் அவர் காட்ட நினைத்தது பெரிய விஷயம். தட்டையான பரப்பில், தூரத்தைக் காட்டும் கோடுகள் இல்லாமலே, ஒரு வண்ணம் முன்னே தள்ளும், இன்னொன்று உள்ளே இழுக்கும். ஆழம் அங்கே பிறக்கிறது. அவருடைய 'தி கேட்' (1959–60) ஓவியத்தைப் பாருங்கள். செவ்வகங்கள் அசையாமல் நிற்கின்றன, ஆனாலும் ஒன்று நம்மை நோக்கி வருகிறது, மற்றொன்று பின்வாங்குகிறது. நாற்பது வருடம் மாணவர்களுக்கு விளக்கி விளக்கித் தெளிந்த கை அது. வகுப்பறை இல்லாமல் இந்த ஓவியம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நியூயார்க்கில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி 1944-ல் நடந்தபோது வயது 64. 1958-ல், 78 வயதில், பள்ளிகளை மூடிவிட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்தார். 1966-ல் இறக்கும்வரை வரைந்தவற்றில்தான் அவருடைய மிகச்சிறந்த படங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் முதல் வேலை தந்த நன்றிக்கு பர்க்லி பல்கலைக்கழகத்துக்கு 45 ஓவியங்களைக் கொடுத்தார்.

சரி, உங்கள் விஷயம். வண்ணம் விட்டுப்போன வருடங்களிலும் அவர் கோடு வரைவதை விடவில்லை. வீட்டில் முடியாவிட்டால், மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியை வகுப்பிலேயே அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் வரையுங்கள். வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்