வலப்பக்கம் சாயும் லேண்ட்ரோவர்

கேள்வி: வணக்கம் அண்ணே. அப்பா விட்டுச்சென்ற 1979ஆம் ஆண்டு லேண்ட்ரோவர் சீரீஸ் 3 என்னிடம் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குலம் உள்ள வண்டி, பெட்ரோல் இன்ஜின். சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்திருப்பதால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் அடுக்குமாடி கார்நிறுத்தத்தில் தூங்குகிறது. இப்போது வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். ஒரு பட்டறையில் பழைய பட்டைகளையே வளைத்துத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கலாம் என்கிறார்கள். நண்பர் பாராபோலிக் ஸ்பிரிங் வாங்கச் சொல்கிறார். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். லிம் சூ காங் பக்கம் போய்வருவோம், அவ்வளவுதான். எதைப் போடலாம்? (புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

பதில்: தம்பி, மூன்று பேரும் யோசனை சொல்லியிருக்கிறார்கள். யாராவது டேப் எடுத்து அளந்தார்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லையே.

முதலில் அளந்துவிடுவோம். நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்புவரை எத்தனை மில்லிமீட்டர் என்று நான்கு மூலையிலும் குறியுங்கள். அப்புறம் வண்டியை அதே இடத்தில் எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தி மறுபடி அளக்கவேண்டும். கார்நிறுத்தத் தளம் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக லேசாகச் சரிந்துதான் இருக்கும். திருப்பி நிறுத்தியதும் சாய்வு மறுபக்கம் போனால், குற்றம் தரைமீது, காசு மிச்சம்.

சாய்வு போகவில்லை என்றால், முன்னாலா பின்னாலா என்று பார்க்கவேண்டும். வண்டியின் அடிச்சட்டமான சேஸியின் பின் குறுக்குச் சட்டத்துக்கு நட்டநடுவில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையை விட்டுக் கிளம்பாத அளவுக்குச் சற்றே தூக்குங்கள். முன்பக்கம் நிமிர்ந்துவிட்டால் இறங்கியிருப்பது பின்னால் உள்ள வலது ஸ்பிரிங். அப்படியும் சாய்ந்தே நின்றால் முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பலர் இதைச் செய்யாமல் கண்ணுக்குத் தெரிகிற மூலையை மட்டும் மாற்றிவிட்டுத் தலையைச் சொறிவார்கள்.

உங்கள் வண்டிக்கு இன்னொரு விஷயம் உண்டு. பெட்ரோல் டாங்கி வலது முன் சீட்டுக்கு அடியில். ஓட்டுநரும் அங்கேதான். இந்தப் பாரத்தை நினைத்துத்தான் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங்கைக் கூடுதல் வளைவோடு செய்தார்கள். ஆகவே வலது வேறு, இடது வேறு. ஆளில்லாமல் நிற்கும்போது வலப்பக்கம் ஒரு விரல் உயர்ந்து தெரிந்தால்கூடத் தப்பில்லை. உங்களுடையது ஆளில்லாமலே வலப்பக்கம் படுத்திருக்கிறது என்றால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். 1980களில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. புத்தம்புது ஸ்பிரிங் செட்டை இடது வலது மாற்றி ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் சேஸி வளைந்திருக்கிறது என்று சாதித்தேன். தவுக்கே, அதாவது முதலாளி, ஒன்றும் பேசவில்லை. கழற்றிய பழைய இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். ஒன்றின் முதுகு மற்றதைவிட உயரமாக இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, எதை வாங்குவது? பழையதை வளைத்துத் தருவதை நான் விரும்புவதில்லை. கொஞ்ச நாள் நிமிர்ந்து நிற்கும், பிறகு படுத்துக்கொள்ளும். களைத்த இரும்பு களைத்ததுதான். செட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: கீழ்ப்பட்டையின் நுனி மேல்பட்டையில் அரித்து, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற ஒரு பள்ளம் போட்டிருக்கும். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றித் துருவைத் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அந்தப் பட்டை பெரும்பாலும் அங்கேதான் உடையும். வருடத்தில் முந்நூறு நாளுக்கு மேல் நம் ஊர் ஈரத்தில் சும்மா நிற்கிற வண்டி; பட்டைகளுக்கு நடுவே துரு உப்பிக் கிடக்கும்.

கூடுதல் பட்டை யோசனை இன்னும் மோசம். பட்டை ஒன்று கூடினாலே விறைப்பும் கூடும்; அது தடித்த பட்டையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 7 மில்லிமீட்டர் போட்டால் அதே நீள அகலத்தில் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். நீங்கள் ஏற்றுவது நான்கு பேரும் ஒரு சாப்பாட்டுக் கூடையும். அரை டன் சிமெண்ட் ஏற்றுகிற ஸ்பிரிங்கில் காலி வண்டியை ஓட்டினால் சாலையின் ஒவ்வொரு வரியும் முதுகெலும்பில் எழுதப்படும். “ஹெவி டியூட்டி” என்று கேட்டதும் நம்மாட்களுக்கு ஒரு மோகம். வாங்கிய மூன்றாம் மாதம் சீட்டில் தலையணை போடுவார்கள்.

பாராபோலிக் நல்ல சாமான்தான். பட்டைகள் குறைவு, நடுவில் தடித்து நுனிக்குப் போகப்போக மெலியும், நடுவிலும் நுனியிலும் தவிர ஒன்றோடொன்று உரசாது. சவாரி மெத்தென்று இருக்கும். ஆனால் அந்த உரசல்தான் பழைய செட்டில் குதிப்பை ஓரளவு அடக்கிக்கொண்டிருந்தது. அது போனதும் ஷாக் அப்சார்பர் முழு வேலையும் செய்யவேண்டும். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு பாராபோலிக் மட்டும் போட்டால் படகு மாதிரி ஆடும். பல செட்கள் வண்டியைச் சற்று உயர்த்தியும் விடும். அப்போது பிரேக் ஹோஸ் எட்டுகிறதா, இன்ஜின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடுகிறதா என்று பார்க்கவேண்டும். உயரம் மாறுமானால் வாங்குவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்குப் பழைய மாதிரியே பல பட்டை செட், பெட்ரோல் 88க்கு உரியது, ஓட்டுநர் பக்கம் தனி, பயணி பக்கம் தனி. ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டீசல் வண்டியின் முன் ஸ்பிரிங் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது கனமான இன்ஜினுக்கானது. வாங்குமுன் அகலம் 63.5 மில்லிமீட்டர்தானா, சென்டர் போல்ட்டிலிருந்து இரு நுனியிலும் உள்ள வளையங்களுக்கு, அதாவது கண்களுக்கு, உள்ள தூரம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

மாட்டும்போது, ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் புதிதாகவே இருக்கட்டும். ஸ்பிரிங் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அதன் எடை ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகே முறுக்குங்கள். தொங்கவிட்டபடியே முறுக்கினால் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கவேண்டும். உங்கள் 45 நாளில் ஒரு நாளை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: பழைய சுசுகி ஜிம்னி, பட்டை ஸ்பிரிங். மேடு ஏறினால் கிரீச்சிடுகிறது. பட்டைக்குக் கிரீஸ் தடவலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: முதலில் சத்தம் பட்டையிலா புஷ்ஷிலா என்று பாருங்கள். புஷ்ஷில் சோப்புத்தண்ணீர் ஊற்றி வண்டியை ஆட்டுங்கள். சத்தம் அடங்கினால் புஷ்தான், மாற்றிவிடுங்கள். பட்டை என்றால் பிரித்து, துருவைத் தேய்த்து, நுனிகளில் கிராஃபைட் கிரீஸ் கொஞ்சம். ரப்பரில் மட்டும் படவேண்டாம், உப்பிவிடும்.