டெண்டர் வரைவை யார் எழுதித் தருகிறார்கள் என்று பாருங்கள்

கேள்வி: நான் ஓர் அரசு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். சுமார் 800 கணினிகளுக்கு அலுவலக மென்பொருளும், கோப்புகளைப் பராமரிக்கும் மென்பொருளும் வாங்குவதற்கான தொழில்நுட்பக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனம் முதல் ஆண்டு உரிமம் இலவசம், பயிற்சியும் இலவசம் என்கிறது. டெண்டருக்கான விவரக்குறிப்பையும் தானே தயாரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் அனுமதிக்கும் திறந்த மூல மென்பொருளையும் பரிசீலிக்கலாமே என்றேன். "அதில் பாதுகாப்பு இல்லை, பொறுப்பேற்க ஆள் இல்லை" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டார்கள். யாரும் லஞ்சம் வாங்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனாலும் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது போல இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இலவச உரிமம் பற்றிய வரி இல்லை. விவரக்குறிப்பை அந்த நிறுவனமே எழுதித் தருகிறது என்கிறீர்களே, அதுதான். மென்பொருள் கொள்முதலில் போட்டி நடப்பது டெண்டர் திறக்கும் நாளில் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குப் பல வாரங்கள் முன்பே, "எங்களுக்கு என்ன வேண்டும்" என்று எழுதும்போதே அது முடிந்துவிடுகிறது. உங்கள் குழுவில் எல்லோரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். அப்படியிருந்தும் இது நடக்கும்.

மதிப்பீட்டுக் குழுக்களில் நான் உட்கார்ந்த காலத்தில், ஒருமுறை அறுபது பக்க வரைவு ஒன்று கையெழுத்துக்கு வந்தது. கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். உருவாக்கியவர் என்ற இடத்தில், அதே டெண்டரில் போட்டியிடவிருந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதை அனுப்பிய அதிகாரி எதையும் மறைக்கவில்லை. "நமக்கு ஆள் இல்லை, அவர்கள் உதவினார்கள்" என்று வெள்ளந்தியாகச் சொன்னார். செல்வாக்கு பெரும்பாலும் இப்படி உதவியின் முகத்தோடுதான் உள்ளே வருகிறது. ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்த உதவியை மரியாதையாக மறுப்பது. போட்டியிடப் போகிறவர் விதிகளை எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். எல்லா நிறுவனங்களிடமும் ஒரே கேள்விப் பட்டியலைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கலாம், அதில் தவறில்லை. வரைவு மட்டும் உங்கள் குழுவின் கையால் எழுதப்பட வேண்டும்.

ஏற்கெனவே ஒரு வரைவு வந்துவிட்டது என்றால், பென்சிலோடு உட்கார்ந்து நான்கு இடங்களைத் தேடுங்கள். பொருளின் பெயரோ பதிப்பு எண்ணோ இருக்கிறதா? "அல்லது அதற்கு இணையானது" என்று கூடவே போட்டிருந்தாலும், இணை என்பதை எப்படி அளப்பது என்று சொல்லாவிட்டால் அந்தச் சொற்களால் பயன் இல்லை. அடுத்து, "மென்பொருள் உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதம்" கேட்கிறார்களா? லிப்ரெஆஃபிஸ் என்ற திறந்த மூல அலுவலக மென்பொருள் போன்ற ஒன்றுக்கு ஆதரவுச் சேவை தரும் நிறுவனம் அப்படி ஒரு கடிதத்துக்கு எங்கே போகும்? வன்பொருள் டெண்டரிலிருந்து நகலெடுத்த அந்த ஒரு வரியே திறந்த மூலத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். மூன்றாவது, ஏதாவது சந்தை ஆய்வு நிறுவனத்தின் முன்னணிப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அந்தப் பட்டியல்கள் நிறுவனங்களை எடைபோடுபவை, ஒரு சமூகம் சேர்ந்து வளர்க்கும் மென்பொருளுக்கு அவற்றில் இருக்கை கிடைப்பது கடினம். நான்காவது, வேலையின் அளவுக்குப் பொருந்தாத ஆண்டு வருவாய் வரம்பு.

இந்த நான்கையும் நீக்கிவிட்டு, செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். "ஆவணங்களை ஐ.எஸ்.ஓ. 26300 தரத்தில், அதாவது ஓ.டி.எஃப். வடிவத்தில், சேமிக்கவும் திறக்கவும் முடிய வேண்டும்." (ஓ.டி.எஃப். என்பது எந்த மென்பொருளும் பயன்படுத்தக்கூடிய திறந்த ஆவண வடிவம்.) "தரவு முழுவதையும், கூடுதல் கட்டணம் இல்லாமல், வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவத்தில் எப்போது கேட்டாலும் தர வேண்டும்." இப்படி எழுதினால் எந்த நிறுவனமும் வெளியே தள்ளப்படுவதில்லை. யார் இதைச் செய்து தருகிறார்களோ அவர்கள் போட்டியிடலாம், மூல நிரலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் தனியுரிம மென்பொருள் விற்பவர் உட்பட.

கோப்பு வடிவத்தை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், கட்டிப்போடும் கயிறு அதில்தான் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கும் இது தெரியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு 2005-ல் தன் ஆவணங்களுக்கு ஓ.டி.எஃப். தரத்தை அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கடுமையாக எதிர்த்தது. பிறகு அந்நிறுவனம் தன் சொந்த வடிவத்தையே சர்வதேசத் தரமாக்க முயன்றது. 6,000 பக்கங்களைத் தாண்டிய அந்த ஆவணம் 2007 செப்டம்பர் வாக்கெடுப்பில் தேறவில்லை, 2008-ல் தேறியது. அந்தச் செப்டம்பர் வாக்கெடுப்புக்குச் சற்று முன் ஸ்வீடனில் நடந்ததைக் கவனியுங்கள். அங்கே தரநிர்ணயக் குழுவின் கூட்டத்துக்குக் கடைசி நேரத்தில் பல நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி உறுப்பினராகி ஆதரவு வாக்களித்தன. பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட்டின் வணிகக் கூட்டாளிகள். அந்தக் கூட்டாளிகளுக்குச் சந்தைப்படுத்தல் உதவி தருவதாகத் தன் ஊழியர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. கடைசியில், ஓர் உறுப்பினர் ஒன்றுக்கு மேல் வாக்களித்தார் என்று அந்த வாக்கெடுப்பு செல்லாததாக்கப்பட்டது. எதிர்ப்பக்கம் பொதுநலம் மட்டுமே நின்றது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஓ.டி.எஃப். பக்கம் ஐ.பி.எம்.மும் சன் மைக்ரோசிஸ்டம்ஸும் தங்கள் வணிகக் கணக்கோடுதான் நின்றன. உங்களிடம் வந்து திறந்த மூலம் பற்றிப் பேசுகிறவருக்கும் விற்க ஏதோ இருக்கும். அவரையும் அதே தூரத்தில் வையுங்கள்.

மாசசூசெட்ஸ் கதையில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு பகுதி உண்டு. அந்த மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் பீட்டர் குவின், மாநாடுகளுக்குப் பயணம் போனதற்கு முறையான அனுமதி இருந்ததா என்று பத்திரிகையில் செய்தி வந்தது. விசாரணை நடந்தது, அவர் மீது தவறில்லை என்று முடிந்தது. ஆனாலும் சில வாரங்களில் அவர் பதவி விலகிவிட்டார். ஆகவே இன்றிலிருந்தே ஒரு நோட்டு வையுங்கள். யார் சந்திக்க வந்தார், எந்தத் தேதி, என்ன பேசினார், என்ன அழைப்பு வந்தது, ஏற்றீர்களா மறுத்தீர்களா. திறந்த மூல மாநாட்டுக்கு அழைப்பு வந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் போகாதீர்கள். மற்றவர்களைக் குற்றம்சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாளை யாராவது உங்களைக் குற்றம்சாட்டினால் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். முதல் ஆண்டு இலவசம் என்பதை நான் செலவுக் கணக்கில் ஒரு பொருட்டாகவே எடுக்க மாட்டேன். இரண்டாம் ஆண்டு முதல் ஏழாம் ஆண்டு வரை ஒரு கணினிக்கு எவ்வளவு, விலை உயர்ந்தால் எத்தனை சதவீதத்துக்கு மேல் போகாது, இதை எழுத்தில் கேளுங்கள். பதில் தராவிட்டால் அதையும் குறிப்பில் பதிவு செய்யுங்கள். அப்புறம் இன்னொரு தொகை இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: வெளியேறும் செலவு. ஏழு ஆண்டு கழித்து இந்த மென்பொருளை விட்டு விலக, கோப்புகளை மாற்ற, மேக்ரோக்கள் எனப்படும், கோப்புகளுக்குள் இருக்கும் சிறு நிரல்களைத் திரும்ப எழுத, ஊழியர்களுக்குப் பயிற்சி தர எவ்வளவு ஆகும்? வழக்கமாக இதைப் புதிதாக வரும் மென்பொருளின் தலையில் கட்டுவார்கள். "மாறினால் இவ்வளவு செலவு" என்பார்கள். அந்தச் செலவை உண்டாக்கியது பழைய மென்பொருள், ஆகவே அது பழையதன் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு போட்டியாளரிடமும் வெளியேறும் செலவைக் கேட்டு, மொத்த விலையில் சேர்த்து ஒப்பிடுங்கள். அதே நேர்மையோடு திறந்த மூலத்தின் பக்கமும் ஆதரவு ஒப்பந்தம், பயிற்சி, பழைய வார்ப்புருக்களை மாற்றும் வேலை எல்லாவற்றுக்கும் தொகை போடுங்கள். உரிமத்துக்குப் பணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று கணக்குக் காட்டினால், முதல் கேள்வியிலேயே உங்கள் வாதம் விழுந்துவிடும்.

தள்ளுபடி பற்றியும் ஒரு வார்த்தை. ஹங்கேரியில் அரசு அலுவலகங்களுக்கு விற்பதற்காக மைக்ரோசாஃப்ட்டின் கிளை நிறுவனம் இடைத்தரகர்களுக்குப் பெரிய தள்ளுபடி கொடுத்தது. அந்தத் தள்ளுபடி அரசுக்குப் போய்ச் சேரவில்லை, அதிகாரிகளுக்கான முறைகேடான பணமாக மாறியது என்று அமெரிக்க விசாரணை அமைப்புகள் சொல்லின. 2019-ல் 2.5 கோடி டாலருக்கும் மேல் கட்டி அந்த வழக்கு தீர்க்கப்பட்டது. உங்கள் விஷயத்தில் அப்படி ஏதோ நடக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் மூல நிறுவனம் விற்பனையாளருக்குக் கொடுத்த விலை என்ன, உங்களுக்கு வந்த விலை என்ன என்று கேட்கும் ஒரு நிபந்தனையை டெண்டரில் சேர்ப்பதால் எந்த நேர்மையான விற்பனையாளருக்கும் நஷ்டமில்லை.

கூட்டத்தில் உங்கள் வாயை அடைத்த இரண்டு வாதங்களுக்கும் பதில் இருக்கிறது. பாதுகாப்பு என்றால், இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்.எஸ்.எல். மென்பொருளில் 2014-ல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையும், 2021 இறுதியில் வந்த லாக்4ஷெல் ஓட்டையும் திறந்த மூலத்தில் இருந்தவைதான். 2017-ல் உலகெங்கும் மருத்துவமனைகள் வரை முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் விண்டோஸைத் தாக்கியது. இரண்டு பக்கமும் ஓட்டை விழும். நம் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது, ஓட்டை தெரிந்த பின் எத்தனை நாளில் அடைப்பது, யார் அடைப்பது என்பது. பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதற்கும் அதே ஒப்பந்தம்தான் பதில்: ஆதரவு நிறுவனத்தை அமர்த்தி, தாமதத்துக்கு அபராதம் எழுதுங்கள். அதோடு, தனியுரிம மென்பொருளின் உரிம ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பொறுப்பைக் கட்டுப்படுத்தும் பத்தி ஒன்று இருக்கும். அதை அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். பொறுப்பேற்பு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

மூன்றாவதாக ஒரு வாதம் வரும், தயாராக இருங்கள்: "மியூனிக் நகரமே லினக்ஸுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது." பாதி உண்மை, அதனால்தான் வலுவாகக் கேட்கும். 2003-ல் ஜெர்மனியின் அந்த நகர மன்றம் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்துக்கு மாற முடிவெடுத்தபோது, மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டு மேயரைப் பார்க்க வந்தார். மன்றம் அசையவில்லை. 2013-க்குள் சுமார் 15,000 கணினிகள் மாறின. 2014-ல் புதிய மேயர் வந்தார். மைக்ரோசாஃப்ட்டின் ஜெர்மன் தலைமையகம் 2016-ல் மியூனிக் நகருக்குள்ளேயே இடம் மாறியது. நகரின் கணினித் துறையை ஆய்வு செய்யும் பணி, மைக்ரோசாஃப்ட்டின் நெடுநாள் கூட்டாளியான அக்சென்ச்சர் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் போனது. 2017-ல் விண்டோஸுக்குத் திரும்ப மன்றம் வாக்களித்தது. இவற்றுக்கிடையே பேரம் எதுவும் நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஊழியர்களின் குறைகளும் உண்மையானவைதான், நகரின் கணினி நிர்வாகம் பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. நான் கேட்பதெல்லாம், ஆய்வு செய்பவருக்கு முடிவில் என்ன ஆதாயம் என்ற கேள்வி. உங்கள் குழு ஆலோசகரை அமர்த்தினால், எந்த மென்பொருள் நிறுவனத்திடமிருந்து அவர் வருமானம் பெறுகிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மியூனிக் கதை அதோடு நிற்கவும் இல்லை. 2020-ல் அமைந்த புதிய கூட்டணி, பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் பொதுவில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியது. அதே நாட்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் சுமார் 30,000 கணினிகளை லிப்ரெஆஃபிஸுக்கு மாற்ற முடிவெடுத்தது.

திறந்த மூலம் ஒதுக்கீடு கேட்கிறது, மற்றவர்களுக்கு அநீதி என்று யாராவது சொன்னால், 2002-ல் பெரு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவா, அரசு அலுவலகங்களில் திறந்த மூலம் வேண்டும் என்ற தன் மசோதாவை எதிர்த்த மைக்ரோசாஃப்ட்டுக்கு எழுதிய பதில் கடிதத்தை நினைவில் வையுங்கள். குடிமக்கள் அரசுத் தகவலைத் தடையின்றிப் பெற வேண்டும், அரசின் தரவு ஒரு நிறுவனத்தின் ஆயுளைத் தாண்டி நிலைக்க வேண்டும், அரசின் பாதுகாப்பு அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார். மசோதா நிபந்தனைகளை மட்டுமே சொல்கிறது, அவற்றை நிறைவேற்றும் எந்த நிறுவனமும் விற்கலாம் என்றும் விளக்கினார். அவர் கேட்டபடி சட்டம் வரவில்லை. 2005-ல் வந்த சட்டம், மென்பொருள் வாங்கும் முன் மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும் என்ற அளவில் நின்றது. ஆனால் அந்த அறிக்கையே பெரிய விஷயம் என்பேன். உங்கள் அலுவலக விதி கேட்காவிட்டாலும் அப்படி ஒன்றை நீங்களே எழுதிக் குழுவின் முன் வையுங்கள்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. திறந்த மூலம் என்ற பெயரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். 2023-ல் ஹாஷிகார்ப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் மென்பொருளின் உரிமத்தை மாற்றியது, லினக்ஸ் விற்கும் ரெட் ஹேட் நிறுவனம் மூல நிரலைப் பொதுவில் தரும் வழியைச் சுருக்கியது. ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கும் திறந்த மூலம் பின்னாளில் மூடிக்கொள்ளலாம். கோப்புப் பராமரிப்பு மென்பொருளுக்கு இது மிகவும் பொருந்தும். குறைந்தது இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள் ஆதரவு தர முன்வருகின்றனவா என்று பாருங்கள்.

800 கணினிகளையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லி வாதாடாதீர்கள், தோற்றுப் போவீர்கள். பிரெஞ்சு ஜென்டார்மரி காவல் படை 2005-ல் அலுவலக மென்பொருளைத்தான் முதலில் மாற்றியது, 2008-ல்தான் இயங்குதளத்துக்கு வந்தது. இன்றும் பல்லாயிரம் கணினிகளில் லினக்ஸ் ஓடுகிறது. ஒரு பிரிவில் 40 கணினிகள், மூன்று மாதம், இரண்டு மென்பொருளும் பக்கத்தில் பக்கத்தில். எத்தனை கோப்பு சரியாகத் திறந்தது, எத்தனை திறக்கவில்லை, ஊழியர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று எண்ணுங்கள். இந்தச் சோதனையைக் கேட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே எல்லா உறுப்பினருக்கும் அனுப்பிவிடுங்கள். மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.