ஒளுச் செய்யவே 40 நிமிடம்: மகனுக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்ய 40 நிமிடம் ஆகிறது. 'அல்லாஹு அக்பர்' சொல்லித் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கியபின் 'நிய்யத் (மனதில் வைக்கும் எண்ணம்) சரியில்லை' என்று மறுபடி மறுபடி கட்டுகிறான். ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகைக்கு) போவதையே நிறுத்திவிட்டான். ஷைத்தானின் வஸ்வாஸ் (மனதில் போடும் வீண் சந்தேகம்) என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மனநல டாக்டரிடம் போனால் ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்றாகிவிடுமா?
- ஒரு தாய், பரங்கிப்பேட்டை

பதில்: ஆகாது அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஓசிடி என்னும் நோயாகத் தெரிகிறது; வேண்டாத சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநோய் அது. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அதை உறுதி செய்ய வேண்டும். மனிதர் எதைப் பெரிதாக மதிக்கிறாரோ அதையே இந்த நோய் பிடித்துக்கொள்ளும். தொழுகையில் அக்கறையில்லாத பையனுக்கு நிய்யத்தில் சந்தேகம் வராது. அதனால் அவனைத் திட்டாதீர்கள்.

9-10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, கோபம், அச்சம், துக்கம் ஆகியவற்றோடு வஸ்வாஸையும் மனத்தின் நோய்களில் ஒன்றாக வைத்து, அதற்கான வைத்தியத்தையும் எழுதினார்.

மார்க்கமும் மகனுக்கு ஆதரவாகத்தான் இருக்கிறது. நபியவர்கள் ஒரு முத்து (அரபு முகத்தல் அளவை) அளவு தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்கிறது ஹதீஸ். முத்து என்பது ஏறக்குறைய முக்கால் லிட்டருக்குள் அடங்கும். மும்மூன்று முறைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறல் என்றும் வந்திருக்கிறது. 'உறுதியானது சந்தேகத்தால் நீங்காது' என்பது ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) விதி. ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) ஒரே ஒருமுறை அழைத்துப் போய் இவற்றைக் கேட்கச் செய்யுங்கள். திரும்பத் திரும்ப ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்பதும், யூடியூபில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) தேடுவதும் கையை மறுபடி கழுவுவதற்குச் சமம்தான்.

சிகிச்சையின் முக்கியப் பகுதி, சந்தேகத்தை வரவிட்டு, அது சொல்வதைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி. குழாயை மூடிவிட்டு ஒரு லிட்டர் ஜக்கில் ஒளு, உறுப்புக்கு மூன்று முறை, தண்ணீர் தீர்ந்ததும் நேரே தொழுகை விரிப்பு. தக்பீர் ஒரே முறை. முதலில் பதற்றம் ஏறும். திரும்பக் கழுவாமல் இருந்தால் தானாகவே இறங்கும். எதில் தொடங்கி எப்படிக் குறைப்பது என்பதை மனநல நிபுணரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் இந்தப் பயிற்சி கெடுவது வீட்டில்தான். "உம்மா, சரியா செஞ்சேனா?" என்று கேட்கும்போது "சரியாத்தான் செஞ்சே வாப்பா" என்பீர்கள். அந்த ஆறுதல் சற்று நேரத்துக்குத்தான்; அடுத்த வக்துக்கு (தொழுகை வேளைக்கு) சந்தேகம் கூடும். "அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன், தொழப் போ" என்று அன்பாக நிறுத்துங்கள். அதேபோல் சந்தேகத்தை விரட்ட அஊதுவை (ஷைத்தானிடமிருந்து பாதுகாப்புத் தேடும் வாசகத்தை) கணக்கில்லாமல் ஓதுவதும் நோயின் இன்னொரு வடிவமாகிவிடலாம்.

மாத்திரையாக செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்றவை தரப்படும். இந்த நோய்க்கு மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவு தேவைப்படலாம். பலன் முழுதாகத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஆரம்பத்தில் குமட்டலும் படபடப்பும் வருவதால் பலர் அப்போதே விட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஓராண்டு தொடர வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது. ஃப்ளூவாக்ஸெடின் பெரும்பாலும் ஜெலட்டின் கேப்சூலாக வரும். தயக்கம் இருந்தால் சொல்லுங்கள், மாத்திரை வடிவிலான மருந்து தருவார்கள். நாளுக்கு ஒரு வேளை மட்டும் போடும் மருந்து என்றால் ரமலானில் நோன்பு திறந்தபின் போடலாம். நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மர் மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். துஆவும் ஓதிப் பார்ப்பதும் கூடவே நடக்கட்டும், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். 'வாழ்வே வேண்டாம்' என்று மகன் பேசினால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.